அரும்பாவூர் எங்கே இருக்கு பாஸ்?

ஹாஸ்டலில் முதல் வாரம் எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நீ எந்த ஊரு?"

மதுரைக்காரனுக்குக் கவலையே இல்லை. "மதுரைடா!" என்று ஒரே வார்த்தையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். கோயம்புத்தூர், நெல்லை பார்ட்டிகளும் அப்படியே. சின்ன ஊர்க்காரங்க பாடுதான் திண்டாட்டம்.

"திருச்சி பக்கம்."

"திருச்சியில எங்கே?"

"இல்ல... பெரம்பலூர்."

"பெரம்பலூர்ல?"

"அங்கேர்ந்து கொஞ்சம் உள்ளே போகணும்..."

அதோடு பேச்சு கட்! கேட்டவனும் விட்டுடுவான், சொன்னவனும் விட்டுடுவான். அந்த 'உள்ளே போகணும்' இருக்கே, இந்த வாரம் நாம போகப்போறது அங்கேதான். ஊர் பேரு அரும்பாவூர். பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை தாலுகாவில் ஒரு பேரூராட்சி. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்துல இந்த ஊருக்கு ஒரு வரி கூட கிடையாது. அதனால இதுக்கு வரலாறே இல்லைன்னு நினைச்சீங்கன்னா, வாங்க, பஸ் ஏறலாம்.

மலையோட காலடியில...

சென்னை - திருச்சி ஹைவேஸில் பெரம்பலூரில் இறங்கிக்குங்க. ரயிலில் வரலாம்னு மட்டும் ப்ளான் போடாதீங்க. பெரம்பலூர் நகரத்துக்கு ரயிலே கிடையாது. அங்கேயிருந்து ஆத்தூர் ரோடு. வேப்பந்தட்டை தாண்டி கிருஷ்ணாபுரத்தில் மேற்கே திரும்பினால், ஜன்னல் ஓரத்தில் ஒரு நீலக் கோடு கூடவே ஓடி வரும். கிட்டே போகப்போக அந்த நீலம் பச்சையாகும். அதுதான் பச்சைமலை.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. பெரம்பலூர், திருச்சி, சேலம்னு மூணு மாவட்டமும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிற மலை. இந்தப் பக்கம் வேப்பந்தட்டை, அந்தப் பக்கம் துறையூர், வடமேற்கே கெங்கவல்லி. மலைமேலே மலையாளி பழங்குடி மக்களின் கிராமங்கள் இருக்கு. பேரைப் பார்த்து கேரளாவான்னு கேட்காதீங்க. மலையை ஆள்கிறவங்க என்பதால் மலையாளி. பேசுறது தமிழ்தான்.

பெரம்பலூர் மாவட்டம்னாலே நம்ம மனசுல வர்றது மானாவாரி நிலம்தான். கரிசல் மண்ணு, பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். ஆனா மலையடிவாரத்துக்கு வந்தா காட்சியே மாறிடும். மழை பெய்தால் மலை தண்ணியை அப்படியே வைத்துக்கொள்ளாது, கல்லாறு மாதிரி ஓடைகளில் இறக்கிவிடும். அதைப் பிடிச்சு நிறுத்தத்தான் பெரிய ஏரி, சித்தேரி எல்லாம்.

ஏரின்னா வெறும் பள்ளம்னு நினைக்காதீங்க பாஸ். அது ஒரு பக்கா இன்ஜினீயரிங். மலையில இருந்து தண்ணி வர வரத்து வாய்க்கால். நிறுத்தி வைக்க கரை. வயலுக்குத் திறந்துவிட மதகு. நிரம்பி வழிஞ்சா கரை உடையாம வெளியேத்த கலிங்கு. கலிங்கு வழியா போற தண்ணியும் வீணாகாது. கீழே இருக்கிற அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும். இப்படியே சங்கிலி மாதிரி இறங்கி, மிச்சம் வெள்ளாறு வழியா பரங்கிப்பேட்டையில கடலுக்குப் போகும். பைப்பு கிடையாது, மோட்டார் கிடையாது, கரண்ட் பில் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணி ஓடும்ங்கிற ஒரே ஒரு ஃபார்முலா. இதைக் கட்டினவங்க சிவில் படிக்கலை, அரியர்ஸும் வைக்கலை!

சுத்துப்பட்டு வறண்ட பூமியா இருக்கிறப்போ, மலை பக்கத்துல இருந்ததாலயும் ஏரி வெட்டினதாலயும் இங்கே நெல் விளைஞ்சது. ஜியாகிரபி போட்டுக் கொடுத்த முதல் சீன் இது. ரெண்டாவது சீன் மரம். அதுக்குப் போறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு ஹிஸ்டரி இடைவேளை.

வீடு நகரல, மாவட்டம் நகர்ந்துச்சு!

அரும்பாவூரில் ஒரு பாட்டி, பொறந்த வீட்டை விட்டு ஒரு அடி நகராமல் வாழ்ந்திருந்தாலும் அவங்க அட்ரஸ் மாறியிருக்கும். 1995 வரைக்கும் இந்த ஊர் திருச்சி மாவட்டம். அந்த வருஷம் திருச்சியை மூணாப் பிரிச்சு கரூர், பெரம்பலூர்னு ரெண்டு புது மாவட்டத்தை உண்டாக்கினாங்க. 2001-ல் பெரம்பலூரில் இருந்து அரியலூரைப் பிரிச்சாங்க. 2002-ல் திரும்பச் சேர்த்தாங்க. 2007 நவம்பரில் மறுபடியும் பிரிச்சாங்க. நம்ம காலேஜ் காதல்கூட இத்தனை தடவை பிரேக்-அப் ஆகி சேர்ந்திருக்காது.

அப்படிப் பிரிஞ்சு நின்ன பெரம்பலூர், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே ஜனத்தொகை குறைந்த மாவட்டம். மொத்தமே 5,65,223 பேர். சின்ன மாவட்டத்துக்குள்ளே சின்ன ஊர். 'உள்ளே போகணும்'னு சொல்லி நிறுத்திக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்தான்.

ஆனா சின்ன மாவட்டம்னா சும்மா இருந்த மாவட்டம் இல்லை. ஹைவேஸ் ஓரத்துல ரஞ்சன்குடி கோட்டையைப் பஸ்ஸில் போறப்போ பார்த்திருப்பீங்க. பக்கத்துல வாலிகண்டபுரம். ஆற்காட்டு நவாப் பதவிக்கு சந்தா சாகிப்பும் முகமது அலியும் மோதினப்போ, ஒருத்தர் பின்னாடி பிரெஞ்சுக்காரங்க, இன்னொருத்தர் பின்னாடி ஆங்கிலேயர்கள். 1751-ல் இங்கேதான் சண்டை நடந்தது. ஆங்கிலேயர் பக்கம் அடி வாங்கி, திருச்சி வரைக்கும் பின்வாங்கினாங்க. அதே வருஷம்தான் கிளைவ் ஆற்காட்டைப் பிடிச்சு கதையையே திருப்பினார். வெள்ளைக்காரன் தோத்த ஒரு சண்டை நம்ம பஸ் ரூட்டிலேயே இருக்கு, நாம ஹெட்போன் மாட்டிக்கிட்டுத் தூங்கிட்டுப் போறோம்!

கல்லான மரம், சாமியான மரம்

இப்போ மரம். பெரம்பலூர் மாவட்டத்தோட தெற்குப் பக்கம் சாத்தனூர்னு ஒரு கிராமம். அங்கே ஓடைக்குள்ளே ஒரு மரம் படுத்திருக்கு. நீளம் 18 மீட்டர். தொட்டுப் பார்த்தா கல்லு. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தின மரம் அது. அந்தக் காலத்துல இந்த மாவட்டத்தோட கிழக்குப் பகுதியில கடல் இருந்தது. ஆத்துல அடிச்சுக்கிட்டு வந்த மரம் கடலடிச் சேத்துல புதைஞ்சு, தண்ணியில கரைஞ்சிருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமா மரத்துக்குள்ளே இறங்கி, மரமே கல்லாகிப் போச்சு. 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதை உலகத்துக்குச் சொன்னார். காரை, அரியலூர்ப் பக்கமெல்லாம் கடல் உயிரினங்களோட படிவங்கள் கிடைக்கிறதும் இதனாலதான்.

மாவட்டத்தோட தெற்குல மரம் கல்லாச்சு. வடமேற்கு மூலையில, நம்ம அரும்பாவூர்ல, மரம் சாமியாகுது.

அரும்பாவூரிலும் பக்கத்துத் தழுதாழையிலும் பட்டறைத் தெருவுக்குள்ளே நுழைஞ்சா 'டொக் டொக்'னு உளிச் சத்தம்தான் பேக்ரவுண்ட் மியூசிக். பிள்ளையார், நடராஜர், முருகன், பெருமாள், கோயில் கதவு, நிலைப்படி, சாமி ஊர்வலம் போற ரிஷபம், யாளி, அன்னம், மயில், குதிரை வாகனங்கள், தேர்ச் சிற்பங்கள்... எல்லாம் மரத்துல. வாகை, மாவிலங்கை, மா, வேம்பு, தோதகத்தின்னு வேலைக்கு ஏத்த மரம். பச்சைமலையும் அதைச் சுத்தின ஊர்களும்தான் பரம்பரையா மரம் தந்த இடம். மலை பக்கத்துல இல்லைன்னா இந்தத் தொழிலே இங்கே நிலைச்சிருக்காது. ஏரி நெல்லைக் கொடுத்துச்சு, மலை மரத்தைக் கொடுத்துச்சு, மிச்சத்தைக் கை பார்த்துக்கிச்சு. இதுதான் அரும்பாவூரோட வரலாறு. ராஜா பேரு இல்லாத வரலாறு.

வேலை ஒண்ணும் சுலபமில்லை. அரும்பாவூர் ஸ்பெஷலே ஒரே கட்டையில சிலை வடிக்கிறது. கை தனியா கால் தனியா செஞ்சு ஒட்டுற சமாசாரம் கிடையாது. முதல்ல மரத்தை நல்லா உலரவிடணும். அவசரப்பட்டா, சிலை முடிஞ்சப்புறம் முகத்துக்குக் குறுக்கே விரிசல் விடும். ஏன்னா மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவா சுருங்காது. வளையத்தோட போக்குல அதிகம் சுருங்கும், நடுவிலிருந்து வெளியே போற திசையில கம்மியா சுருங்கும். இந்த இழுபறியில்தான் மரம் வெடிக்கும். இது மெட்டீரியல் சயின்ஸ் பேப்பருல வர்ற கேள்வி. பட்டறையில அப்பா பிள்ளைக்குச் சொல்ற முதல் பாடம்.

அப்புறம் அளவு. சிற்ப சாஸ்திரத்துல தாலம்னு ஒரு கணக்கு உண்டு. முகத்தோட நீளம்தான் அலகு. நவதாலம்னா சிலையோட மொத்த உயரம் ஒன்பது முகம். தாலத்தைப் பன்னிரண்டு அங்குலமாப் பிரிப்பாங்க. அந்த அங்குலம் ஸ்கேல்ல இருக்கிற இன்ச் இல்லை; சிலைக்குச் சிலை மாறும். ஆறு இன்ச் பிள்ளையாரா இருந்தாலும் ஆறடி நடராஜரா இருந்தாலும் லட்சணம் மாறாம இருக்கிறதோட ரகசியம் இதுதான். கட்டையில கோடு போட்டு, வேண்டாததை வெட்டி எறிஞ்சு, பெரிய உளி, சின்ன உளின்னு இறங்கி, கடைசியில கண்ணு, நகம், நகைக்கு நூல் மாதிரி உளி. ஒரு தப்பு அடி விழுந்தா 'அண்டூ' பட்டன் கிடையாது.

கடல் தாண்டி ஒரு ஒண்ணுவிட்ட தம்பி

இதே மாதிரி மரத்தால பேர் வாங்கின சின்ன ஊர் ஒண்ணு உலகத்தோட அந்தக் கோடியிலயும் இருக்கு. மத்திய அமெரிக்காவுல கோஸ்டாரிகான்னு ஒரு குட்டி நாடு. அதுல சார்ச்சின்னு ஒரு குட்டி ஊர். அதுவும் மலைநாட்டு ஊர்தான். அங்கே செய்யுறது சாமி இல்லை, மாட்டுவண்டி!

பத்தொன்பதாம் நூற்றாண்டுல மலைநாட்டுல விளைஞ்ச காபியைப் பசிபிக் கடற்கரைக்குக் கொண்டுபோக மாட்டுவண்டிதான் வழி. போய்ச்சேர 10 முதல் 15 நாள். சேத்துல சிக்காம இருக்க, ஆரக்கால் இல்லாத முழுத் தட்டுச் சக்கரம். இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல அந்தச் சக்கரங்கள்ல கலர் கலரா கோலம் மாதிரி வரைய ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு டிசைன். சக்கரத்தைப் பார்த்தாலே வண்டிக்காரன் எந்த ஊருன்னு சொல்லிடலாம். சக்கரத்துல ஒரு இரும்பு வளையம் மோதி சத்தம் வரும். ஒவ்வொரு வண்டிக்கும் தனிச் சத்தம். வண்டியோட பாட்டுன்னே அதைச் சொல்வாங்க.

அப்புறம் ரயிலும் லாரியும் வந்துச்சு. வண்டிக்கு வேலை போச்சு. வேலை போனதும் வண்டி செய்யக் கத்துக்கிற பசங்களும் குறைஞ்சாங்க. 2005-ல் யுனெஸ்கோ இந்த மாட்டுவண்டி மரபை மனித குலத்தோட அரிய பாரம்பரியம்னு அறிவிச்சது. இன்னிக்கு சார்ச்சியில மாட்டுவண்டி திருவிழா ஊர்வலத்துக்கும், டூரிஸ்ட் வாங்கிட்டுப் போற பொம்மைக்கும்தான் அதிகம். ஊர் பிழைச்சுது. ஆனா வண்டி சுமந்த சுமை மாறிப்போச்சு.

இங்கேதான் நம்ம அரும்பாவூருக்கு ஒரு ப்ளஸ் பாயின்ட். மாட்டுவண்டி இடத்துக்கு லாரி வரலாம். ரிஷப வாகனத்து இடத்துக்கு என்ன வரும்? திருவிழா நடக்குற வரைக்கும் சாமிக்கு வாகனம் வேணும். மலேசியா, சிங்கப்பூர், லண்டன்னு தமிழன் போன இடத்துலயெல்லாம் கோயில் இருக்கு. அதாவது, இந்தத் தொழிலுக்குச் சந்தை செத்துப்போகல. அப்போ பிரச்னை எங்கே?

முத்திரை வந்தாச்சு... அப்புறம்?

2020-ல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கும் அப்போதான் கிடைச்சது. பூம்புகார்னு நாம சொல்ற தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் விண்ணப்பிச்சு வாங்கின குறியீடு. இதுக்கான சட்டம் 1999-ல் வந்தது, 2003-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவுல முதல்ல வாங்கினது டார்ஜிலிங் டீ. இதுக்கான பதிவு அலுவலகம் நம்ம சென்னையிலதான் இருக்கு.

புவிசார் குறியீடுன்னா என்ன? பேரும் ஊரும் பிரிக்க முடியாததுன்னு சட்டம் ஒத்துக்கிறது. இன்னொரு ஊர்ல செஞ்சதை 'அரும்பாவூர்'னு பேர் போட்டு விக்கக்கூடாது. மேப்புல தேட வேண்டிய ஊர், இப்போ சட்டப்படி ஒரு பிராண்ட்.

ஆனா இதுல ரெண்டு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. ஒண்ணு, குறியீடு ஊருக்கு வந்தா போதாது. ஒவ்வொரு கைவினைஞரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்'னு தனியா பதிவு பண்ணிக்கணும். ரெண்டு, இது காலத்துக்கும் கிடையாது. 10 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். ஃபாரம், அத்தாட்சி, கையெழுத்துன்னு பேப்பர் வேலை. நாள் முழுக்க உளி பிடிக்கிற கைக்கு இது எவ்வளவு பெரிய தலைவலின்னு யோசிச்சுப் பாருங்க.

பேப்பரைத் தாண்டி நிஜமான கஷ்டங்கள் வேற. காப்புக்காட்டு மரத்துல கை வைக்க முடியாது; வைக்கவும் கூடாது. பட்டா நிலத்து மரம் விலை ஏறுது. கம்ப்யூட்டர் செதுக்கு மெஷின் ஒரே டிசைனை நூறு தடவை அச்சு மாதிரி வெட்டித் தள்ளுது. பக்கத்து மாவட்டத்துல கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் 2021-ல் குறியீடு கிடைச்சாச்சு. சேலம் மாவட்டத்து தம்மம்பட்டியும் இதே கலையில பேர் வாங்கின ஊர். போட்டி இருக்கு.

இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி, அடுத்து உளியைப் பிடிக்கப் போறது யாரு? மரம் உலர்றதுக்கே பொறுமை வேணும். கை உலகத்தரத்துக்கு வர்றதுக்கு வருஷக்கணக்குல பொறுமை வேணும். மாசச் சம்பளம்னு ஒரு கோடு பக்கத்துல தெரியும்போது, எந்த அப்பாவும் பிள்ளையைப் பட்டறையில உட்கார வைக்க யோசிக்கத்தான் செய்வார். அதைத் தப்புன்னு சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. "டிகிரியைத் தூக்கிப் போட்டுட்டு உளியை எடு"ன்னு ஏ.சி. ரூமில் உட்கார்ந்து டயலாக் விடறது ரொம்ப ஈஸி. சோறு போடறது யாரு?

ஆனா டிகிரியும் உளியும் எதிரிங்கன்னு யார் சொன்னது? உளி பிடிக்கிறவருக்குப் பயனாளர் பதிவு ஃபாரம் பூர்த்தி பண்ணிக் கொடுக்க ஒரு பி.காம் பையன் போதும். சிலையை நல்ல வெளிச்சத்துல படம் எடுத்து, அளவு, மரம், விலை எழுதி வெளிநாட்டுக் கோயிலுக்குக் காட்ட ஒரு விஸ்காம் பொண்ணு போதும். எந்த மரத்தை எத்தனை நாள் உலர்த்தினா விரிசல் விடாதுன்னு கணக்குப் போட ஒரு மெக்கானிக்கல் ப்ராஜெக்ட் போதும். ஏரிக்கரையில வாகையும் மாவிலங்கையும் நட ஒரு என்.எஸ்.எஸ். கேம்ப் போதும். நாம வருஷா வருஷம் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலையறோம்; தலைப்பு ஊர்ல நம்ம வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்கு.

உங்க ஊருக்கும் ஒரு ஃபைல் ஓபன் பண்ணுங்க!

அரும்பாவூரை ஒரு சாம்பிளாத்தான் எடுத்துக்கிட்டோம். உங்க ஊருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். அடுத்த லீவுல ஊருக்குப் போறப்போ இந்த நாலு வேலையைப் பண்ணுங்க.

முதல்ல, வி.ஏ.ஓ. ஆபீஸ்ல 'அ-பதிவேடு'ன்னு ஒண்ணு இருக்கும். ஊர்ல எது ஏரி, எது வாய்க்கால், எது புறம்போக்குன்னு சர்வே நம்பரோட இருக்கும். அதுல இருக்கிற எந்தக் குளம் இப்போ பஸ் ஸ்டாண்டா ஆகியிருக்குன்னு பாருங்க.

ரெண்டாவது, பழைய மாவட்ட கெசட்டியர், மேனுவல் எல்லாம் லைப்ரரியில கிடைக்கும். திருச்சி மாவட்டத்துக்கு லூயிஸ் மூர் 1878-ல் எழுதினது ஒண்ணு, ஹெமிங்வே 1907-ல் எழுதினது ஒண்ணு. ('கடலும் கிழவனும்' எழுதினவர் இல்லை, இவர் வேற!) உங்க மாவட்டத்துக்கும் ஒண்ணு இருக்கும். வெள்ளைக்காரன் வரி வாங்க எழுதினதுதான். ஆனா நமக்கு உதவும்.

மூணாவது, தண்ணி எங்கேயிருந்து வந்து எங்கே போகுதுன்னு ஒரு நாள் நடந்தே பாருங்க. ஊரோட கதையில பாதி அந்த வழியிலதான் இருக்கும்.

நாலாவது, ஊர்லயே வயசான ஒரு கைவேலைக்காரர் பக்கத்துல உட்கார்ந்து, அவர் பயன்படுத்துற கருவி ஒவ்வொண்ணுக்கும் பேர் என்னன்னு எழுதிக்குங்க. அவரோட அந்த வார்த்தைகளும் போயிடும். எந்தக் கெசட்டியர்லயும் அது இருக்காது.

இதெல்லாம் எழுதி முடிச்சா ஒரு நாற்பது பக்க நோட்டு நிறையும். மார்க்கு கிடைக்காது, சர்டிபிகேட் கிடைக்காது. ஆனா அடுத்த தடவை 'கொஞ்சம் உள்ளே போகணும்'னு இழுக்க வேண்டி வராது. கேட்டவன் கூடவே பஸ் ஏறி வர்ற அளவுக்குப் பேச விஷயம் இருக்கும். அரும்பாவூர்க்காரங்களா, நீங்க இப்பவே ஆரம்பிங்க. உங்களுக்கு உளிச் சத்தம் இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு.